இரண்டு நிமிடம் பத்து விநாடி

எனக்கு மேசை சுத்தமாக இருந்தால்தான் சாப்பாடு இறங்கும், ஐயா. அதைக் குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

செய்ய வேண்டியது எதுவானாலும் சீட்டில் எழுதித் தேதியிட்டு மரத்தட்டில் போட்டுவிடுவேன். ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் தட்டைக் கவிழ்த்துப் பிரிப்பேன். ‘நானே செய்வது’ ஒரு பெட்டி, ‘என்றாவது’ இன்னொரு பெட்டி, மிச்சம் குப்பை. இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற வேலையை மட்டும் எழுதக்கூடாது. அப்போதே செய்துவிட வேண்டும். இந்த முறையால் பன்னிரண்டு வருடமாக நிம்மதியாகத் தூங்குகிறேன்.

என் மனைவி இல்திகோவின் அண்ணன் பெர்தலானுக்கு இது ஒரு வேடிக்கை. எங்கள் வீட்டு நிலவறையில்தான் அவன் திராட்சை மது தயாரிப்பான். அறுவடை விருந்தன்று, தோட்டத்தில் மிளகாய்த்தூள் போட்ட மீன் சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது, என் ‘என்றாவது’ பெட்டியைத் தூக்கி வந்து இருபது பேர் முன்னால் வாசித்தான்.

“இதைக் கேளுங்கப்பா. ‘இல்திகோ சந்தோஷமாக இருக்கிறாளா என்று கேட்க வேண்டும்.’ போன வருஷத் தேதி போட்டிருக்கு. இன்னுமா மாப்ளே கேக்கலை?”

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இல்திகோவும் சிரித்தாள். நான் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை பெர்தலான் வந்தான். பீப்பாய்களில் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் நிலவறையில் ஆளைக் கொல்லும் காற்று தேங்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விசிறியை ஓடவிட்டு, எரியும் மெழுகுவர்த்தியோடுதான் இறங்குவோம். சுடர் அணைந்தால் ஓடி வந்துவிட வேண்டும்.

“மாப்ளே, நாளைக் காலைல விசிறியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு அணைச்சிரு. சுவிட்ச் தட்டுற வேலைதான். இதையும் சீட்டுல எழுதிட்டு உக்காந்திராதே.”

வெள்ளி காலை கடிகாரத்தோடு போய்ப் பார்த்தேன். செருப்பு மாட்டி, பின்படி இறங்கி, சுவிட்ச் வரை போய்த் திரும்ப இரண்டு நிமிடம் பத்து விநாடி. சுவிட்சைத் தொடவில்லை, அளக்கத்தான் போனேன். எழுதித் தட்டில் போட்டேன்.

எட்டு மணிக்கு வந்தான். “விசிறி ஆச்சா?”

“ஆச்சு மச்சான்,” என்றேன். பொய் இல்லை, ஐயா. தட்டில் விழுந்துவிட்டால் என்னைப் பொறுத்தவரை ஆகிவிட்டது.

“பரவாயில்லையே, உருப்பட்டுட்டே மாப்ளே,” என்று தோளில் தட்டினான். மெழுகுவர்த்தியை ஜன்னலிலேயே வைத்துவிட்டு இறங்கினான்.

ஒன்பது மணிக்கு இல்திகோ வந்தாள். “அண்ணன் இன்னும் மேல வரலைங்க. கூப்பிட்டாலும் சத்தமில்லை. போய்ப் பாருங்களேன்.” அதையும் எழுதிப் போட்டேன். அவளே இறங்கப் போனாள்; கையைப் பிடித்துத் தடுத்தது நான்தான். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, விசிறியை ஓடவிட்டு இறங்கித் தூக்கியபோது பெர்தலானுக்கு உயிர் இல்லை.

‘நானே செய்வது’ பெட்டியில் நீங்கள் எடுத்த சீட்டு என் கையெழுத்துதான். ‘பெர்தலானின் சிரிப்பை நிறுத்த வேண்டும்.’ விருந்து நாள் தேதி. இல்திகோ படியில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தபோது அதில் ‘முடிந்தது’ என்று டிக் போட்டேன்.

டிக் போடுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டேன். அது என் தவறுதான், ஐயா, அதற்கு வருந்துகிறேன்.