மூன்று தாவல் நீளம்

மழையைப் பொருட்படுத்தாது இம்மன்றம் நிறைத்திருக்கும் மாண்பினீர்! வீடிழந்த விலங்குகளுக்கு வீடு தேடித் தரும் காப்பகத்தின் தலைவர் திருமதி வினிஃப்ரெட் டெம்பஸ்ட் அவர்களே! கேக் சுட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அதைத் தின்பதற்கென்றே வந்திருக்கும் பெரியோர்களே! ஹேலிபாக்ஸ் சந்தையில் என்னோடு கூவிக் கூவி விற்ற தோழர்களே! கூண்டுக்கடை ஹோல்ராய்டின் வணக்கம்.

நான் செய்த முயல் கூண்டு இல்லாத தெரு இவ்வூரில் உண்டா? என்ன, பின்வரிசையில்? உங்கள் கூண்டு ஒழுகுகிறதா? பொறுங்கள், அதற்கும் வருகிறேன்!

என் மனைவி டோரீன், பள்ளிச் சமையற்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். முந்நூறு பிள்ளைகளின் இரைச்சலில் வாழ்ந்தவளுக்கு வீட்டின் அமைதி விஷமாயிற்று. சன்னலோரம் அமர்வாள், வெறும் புல்லைப் பார்ப்பாள், பேச மாட்டாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் இக்காப்பகத்துக்கு வந்து, இரண்டு முயல்களைப் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டே வீடு திரும்பினாள்!

கிரேவி, கண் தெரியாத கிழட்டுப் பெண் முயல். பிஸ்கட், அதன் துணை. அட்டைப்பெட்டியில் அடைத்து யாரோ வாசலில் வைத்துப் போனவை. பத்து மாதமாய்க் கேட்பாரில்லை. வியாபாரி புத்தி, நானும் கேட்டேன்: "நல்லா இருக்கறத மட்டும் குடும்மா."

காப்பகத்துப் பெண் ஃப்ரேயா முறைத்தாள். "சோடியைப் பிரிக்க மாட்டோம் மிஸ்டர் ஹோல்ராய்டு. பிஸ்கட்தான் கிரேவிக்குக் கண்ணு."

வீட்டைச் சோதிக்க அளவுநாடாவோடு வந்தாள். என் கடையிலேயே விலையுயர்ந்த கூண்டைத் துடைத்து வைத்திருந்தேன். அளந்தாள். போதாதென்று தலையசைத்தாள்.

"முயலுக்கு மூணு தாவலாச்சும் இடம் வேணும். இதுல ஒண்ணு தாவினா மூக்கு சுவத்துல இடிக்கும்."

"நான் செஞ்சதும்மா! ஊரே வாங்கியிருக்கு!"

"அப்ப ஊரே தப்பா வாங்கியிருக்கு. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற வீடு தேடணும்."

டோரீன் மறுபடி சன்னலோரம் போனாள். "ஊருக்கெல்லாம் கூண்டு வித்தியே, பொண்டாட்டிக்கு ரெண்டு முயல் கொண்டாரத் துப்பில்ல" என்றாள்.

ஆண்மக்களே! தோட்டத்துக் கோடியில் நமக்கென்று ஒரு மரக்கொட்டகை உண்டல்லவா? நம் நாற்காலி, நம் வானொலி, நம் தேநீர்க் கெண்டி! மனைவியும் கதவைத் தட்டிவிட்டு நுழையும் மாளிகையல்லவா அது? அதைக் காலி செய்தேன்! ஐயோ என்கிறீர்களா? நானும் ஐயோ என்றுதான் காலி செய்தேன். சுவரில் வாசல் வெட்டினேன். வைக்கோல் விரித்தேன். புல்வெளிவரை கம்பிவலை கட்டினேன்.

சனிக்கிழமை. ஃப்ரேயா இரண்டையும் இறக்கிவிட்டாள். கிரேவி நடுங்கி நின்றது. பிஸ்கட் மூக்கால் முட்டியது. ஒரு தாவல். இரண்டு. மூன்று. சுவர் வரவில்லை! நான்காவது தாவலில் அந்தக் கிழவி அந்தரத்தில் உடம்பை முறுக்கி ஆனந்தமாய்த் துள்ளியது! டோரீன் சிரித்தாள், அன்பர்களே, வாய்விட்டுச் சிரித்தாள்!

ஃப்ரேயா நாடாவைப் பைக்குள் போட்டாள்.

"அளக்கலியாம்மா?"

"அதுங்களே அளந்துடுச்சு."

கூண்டு விற்றேன், குறுகலென்று அறியாமல் விற்றேன். இன்று அறிவேன். அந்தக் கூண்டை இனி நான் விற்க மாட்டேன். விற்றதைக் கொண்டுவாருங்கள், ஓடியாட வலைப்பந்தல் சேர்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம். பின்வரிசை ஐயா, ஒழுகலையும் அடைத்துத் தருகிறேன்!

இதோ, இந்தச் சுவருக்கப்பால் இன்னும் நான்கு சோடிகள் காத்திருக்கின்றன. அழகில்லாதவை, வயதானவை, அச்சம் தெளியாதவை. அவை கேட்பது அரண்மனையா? மூன்று தாவல் நீளம்! கொட்டகை வைத்திருக்கும் கோமான்களே, உங்கள் வானொலி அடுக்களையிலும் பாடும். என்னுடையது பாடுகிறது, பக்கத்தில் டோரீன் பேசிக்கொண்டேயிருப்பதால் ஒன்றும் கேட்பதில்லை. அதுவே எனக்கு இனிமை!

செவிகொடுத்த உங்களுக்கும், என் கூண்டைத் தோற்கடித்த ஃப்ரேயாவுக்கும் நன்றி. கேக்கை அப்புறம் தின்னலாம், முதலில் முயல்களைப் பார்க்க வாருங்கள். வணக்கம்!