கீபோர்டுக்கு எடுத்த கை அளவு

டோல்கேட்டிலிருந்து விம்கோ நகர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஒரு கீபோர்டு, நடுவே பிளந்து, ஒயரால் இணைத்த இரண்டு துண்டாக இருந்தது.

"நீ மட்டும் இத்த செய்யாம இருந்தா எனுக்கு வேலை போயிருக்காதுடி" என்றாள் மூத்தவள். அதற்குப் பிறகு என்னால் ஜன்னல் பக்கம் பார்க்க முடியவில்லை.

"இன்னாக்கா இப்டி பேசுற? நாள்பூரா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கண்டெய்னர் நம்பரு அடிச்சி மணிக்கட்டு வீங்கினப்போ நீதானே தைலம் தேச்சி வுட்ட? வலி தாங்காமதானே, கை ரெண்டையும் தள்ளி வெச்சிக்கினு அடிக்கிறாமாதிரி நானே சால்டர் பண்ணி செஞ்சேன்?"

"செஞ்ச. வலி போச்சி. அப்பறம் என் பங்கையும் சேத்து நீயே அடிச்சிக்கினு இருந்த."

"உனுக்கும் கை வலின்னுதானேக்கா அடிச்சேன்?"

"மேனேஜருக்கு அது தெரியுமா? இவ ஒருத்தியே போதும்னுட்டான்."

முன்னால் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் நகரவில்லை. மூத்தவள்தான் மறுபடி பேசினாள்.

"எனுக்கும் ஒண்ணு செய்றேன்னு, பேப்பர்ல என் கைய வெச்சி பென்சில்ல சுத்தி வரைஞ்சியே. அது இன்னும் கீதா?"

"பத்ரமா கீதுக்கா. கீக்கு அடில வெக்கிற சுவிட்சுகூட வாங்கி வெச்சிட்டேன்."

"கிழிச்சி போட்டுடு. நாளைலேர்ந்து காசிமேட்ல எறா உரிக்கப் போறேன். அதுக்கு கீபோர்டு எதுக்கு?"