ஆம்ப்ளிஃபையரில் என்ன கோளாறு?

— இது என் ஆம்ப்ளிஃபையரே இல்ல மாப்ளே.

— அத்தை, மெதுவா... கடைக்கு ஆளுங்க வர்ற நேரம்.

— வரட்டுமே! வந்து கேக்கட்டும். உள்ள இருந்த நல்ல சாமானையெல்லாம் கழட்டி வித்துட்டு, ஏதோ குப்பையை வச்சு மூடிக் கொடுத்திருக்கீங்க.

— பொண்ணு கொடுத்த வீட்டுல திருடுவேனா நான்?

— திருடுனீங்கன்னு நான் சொல்லல. வித்துட்டீங்கன்னுதான் சொன்னேன்.

— அதுக்குப் பேரு வேற என்னவாம்!

— மூணாவது தடவை தூக்கிட்டு வர்றேன். கன்னுக்குட்டி கனம் கனக்குது. என் இடுப்பு போனதுதான் மிச்சம். சத்தம் மட்டும் அப்படியே கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி...

— பழைய கண்டென்சர் எல்லாம் காஞ்சு போயிருந்துச்சு, மாத்தினேன். வால்யூம் திருகுற இடத்துல அழுக்கு, கழுவி விட்டேன். உங்க ப்ளேயர்ல ரெக்கார்டு மேல ஓடுற முள்ளு தேஞ்சிருந்துச்சு, அதுவும் புதுசு போட்டாச்சு. இதுக்கு மேல நான் என்னதான் பண்ண?

— போட்டுக் காட்டுங்க.

— இப்பதானே போட்டேன்...

— மறுபடியும் போடுங்க.

— ... இந்தா. கேளுங்க.

— எங்க? அந்த ஜால்ரா சத்தம் எங்க? பாட்டு எடுக்கறப்பவே ஜல்லுனு வருமே!

— ஜால்ரா வேணும்னா உங்க தம்பியைத்தான் கூட்டிட்டு வரணும்.

— விளையாடாதீங்க. எரிச்சலா வருது.

— வருது அத்தை. ஜால்ரா வருது.

— எனக்கு வரலையே.

— அது... ரெக்கார்டு தேஞ்சிருக்கும்.

— போன தடவை ஸ்பீக்கர்னீங்க. அதுக்கு முன்னாடி எங்க வீட்டு ஜன்னல் திரைன்னீங்க. இப்ப ரெக்கார்டா?

— திரை சத்தத்தை உறிஞ்சும், நெசமாத்தான்.

— உறிஞ்சும், உறிஞ்சும். கழட்டிப் போட்டேனே! எதிர்வீட்டுக்காரன் எங்க கூடத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். சத்தம் வந்துச்சா?

— இருங்க, கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிளைக் கூட்டறேன்.

— கூட்டுங்க.

— ... முழுசா வச்சாச்சு.

— இன்னும் வைங்க.

— இதுக்கு மேல திருகினா கையோட வந்துடும்! அங்க பாருங்க, பக்கத்துக் கடை தையல்காரர் காதைப் பொத்திக்கிட்டு வந்து நிக்கிறார்... நிறுத்திட்டேன் சார், நிறுத்திட்டேன்!

— அவருக்கு என்ன தெரியும் ஸ்டீரியோவைப் பத்தி?

— அத்தை, எனக்கும் பொறுமைன்னு ஒண்ணு இருக்கு. என் வேலை மேல நம்பிக்கை இல்லன்னா வேற மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க. நானே தூக்கிட்டு வந்து விடறேன்.

— போனேன்.

— என்னது?

— போன வாரம் போனேன். ரயிலடிக்குப் பக்கத்துல, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாரே, அவர்கிட்ட.

— அந்தாள்கிட்டயா! எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லன்னு தெரிஞ்சும்... என் மானத்தை வாங்கணும்னே கங்கணம் கட்டிக்கிட்டு... என்ன சொன்னார்?

— ஒண்ணும் சொல்லல.

— ஒண்ணும் சொல்லாம ஆளை விடற மனுஷனா அவரு!

— "வேலை சுத்தமா இருக்கும்மா, யாரு செஞ்சது?"ன்னு கேட்டார். போதுமா? மனசு குளிர்ந்துச்சா?

— ... அப்ப எதுக்கு இங்க வந்து இந்தக் கத்து கத்தறீங்க?

— எனக்கு ஜால்ரா கேக்கலையே! அவரும் சரியா இருக்குங்கறார், நீங்களும் சரியா இருக்குங்கறீங்க. அப்ப கோளாறு எங்க? சொல்லுங்க.

— அத்தை... கொஞ்சம் அந்தச் சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க.

— எதுக்கு? தண்டனையா?

— நில்லுங்களேன். ஒரே ஒரு சத்தம் போடறேன். கேட்டா கையைத் தூக்குங்க.

— ... ம். கேக்குது. நல்லாவே கேக்குது.

— நான் இன்னும் போடவே இல்ல அத்தை.

— என்னையே சோதிக்கிறீங்களா? என்ஜின்ல ஒரு நட்டு லூசானா சத்தத்தை வச்சே சொல்றவ நான்! பொம்பளை ஸ்கூல் வேன் ஓட்டுறாளான்னு சிரிச்சவனெல்லாம் என் முன்னாடி வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி, "அக்கா, என்ன சத்தம்னு கேட்டுச் சொல்லுங்க"ன்னு நின்னிருக்கான்!

— அது அப்போ.

— அது அப்போவா?

— கத்தாதீங்க... போன தடவை வந்தப்ப அந்த ஸ்டூல்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் ஸ்பீக்கரைப் பாக்க ஒரு கீச்சுச் சத்தம் விட்டேன். வாசல்ல படுத்திருந்த நாய் எந்திரிச்சு ஓடுச்சு. நீங்க அடுத்த பக்கத்தைத் திருப்பினீங்க.

— அப்பவே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும், ஸ்பீக்கர்ல கோளாறுன்னு சொல்லி அனுப்புனீங்க.

— எப்படிச் சொல்ல? எடுத்த எடுப்புல என்னைத் திருடனாக்கறீங்க. உங்களுக்குக் காது மந்தம்னு சொல்லிட்டு நான் இந்தக் குடும்பத்துல குப்பை கொட்ட முடியுமா?

— என் பொண்ணுகிட்டயாவது சொன்னீங்களா?

— இல்ல.

— யார்கிட்டயும் சொல்லல.

— உங்க மரியாதைக்காகத்தான் அத்தை...

— மரியாதை! பாப்பா ஏன் இப்ப என் வேன்ல வர்றதில்ல?

— அது... வேன்ல வந்தா அவளுக்கு வாந்தி வருது.

— என் பேத்திக்கா? பின்சீட்டுல குதிச்சுக்கிட்டே வர்றவளுக்கா?

— இப்பக் கொஞ்ச நாளாத்தான்...

— என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. மாப்பிள்ளைன்னு இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை மரியாதை குறைச்சுப் பேசினதில்ல நான். இப்பப் பேசறேன், கேட்டுக்க. இந்தக் கடையில வச்சு நீ கண்டுபிடிச்ச. மறுநாளே உன் பொண்ணை மட்டும் பைக்ல ஏத்திக்கிட்ட. வேன் வர்றதுக்குள்ள ஸ்கூல் கேட்டுல இறக்கிட்டு ஓடிடறியாமே! மத்த வீட்டுப் புள்ளைங்க?

— அத்தை, நான் சரியாத் தூங்கியே...

— உன் தூக்கத்தை யாரு கேட்டா! ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி ஒரு புள்ளை கத்தினா எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்டா!

— அந்த வேன்தான் உங்க உசுருன்னு எல்லாருக்கும் தெரியும். என் வாயால அது போச்சுன்னா... நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு...

— உன் பொண்ணுக்கு மட்டும் நாளைக்குன்னு நீ தள்ளிப் போடல.

— தப்புதான். எந்த வாய் வச்சு இல்லன்னு சொல்ல? இப்பவே ஸ்கூலுக்கு வர்றேன், நானே சொல்றேன். நாளைக்குக் காலையில மட்டும் வண்டியை எடுக்காதீங்க அத்தை. உங்க கால்ல விழறேன்.

— பெட்டியில குறை இல்லன்னு அந்த மெக்கானிக் சொல்லிட்டார், பாப்பாவும் வேன்ல ஏறல. ரெண்டையும் சேர்த்து யோசிச்சுத்தான் காது டாக்டர்கிட்ட போனேன். காது மந்தம்னு அவர் சொன்ன அன்னைக்கே வேன் சாவியை ஸ்கூல்ல கொடுத்துட்டு வந்துட்டேன். மத்த புள்ளைங்களுக்காக நீ எப்ப வாயைத் திறப்பேன்னு பாக்கத்தான், இன்னைக்கு நல்லா இருக்கற பெட்டியைத் தூக்கிக்கிட்டு உன் வாசலுக்கு வந்தேன்.