பாதாம் இல்லாத பாதாம்பால்

பரவை ஊரைத் தாண்டியதும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப்போய், பஸ்ஸின் பின்னால் இருந்த கரி அடுப்பைக் கிளறினார். முன் இருக்கையிலிருந்து நல்ல பாதாம் வாசம் வந்துகொண்டிருந்தது. அங்கே மடியில் தூக்குச்சட்டியோடு இருந்தவர், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார்:

"பாதாமைப் போட்டதுதாண்ணே நான் செஞ்ச தப்பு."

"உன் கடைப் பால்ல போடுறதில்லையா?"

"கடையில எசன்ஸ்தாண்ணே. அண்டாவுக்கு நாலு சொட்டு. சீசாவை மட்டும் இறுக்கி மூடணும். காத்துப் பட்டா வாசம் போயி வெள்ளையா உப்புப் பூத்துரும்."

"சரி."

"தங்கச்சி நிச்சயத்துக்கும் அதையே ஊத்துறதான்னு, நெசப் பாதாமா வாங்கி, அம்புட்டையும் ஊறவச்சு அம்மியில அரைச்சேன். மாப்பிள்ளையோட அப்பா ஒரு வாய் குடிச்சாரு. 'பாதாம் வாசமே இல்ல, எங்களுக்கே கள்ளப் பாலா?'ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு."

"அரைச்சதைச் சொல்ல வேண்டியதுதான?"

"உரிச்ச தோலைக்கூட அள்ளிக் காட்டினேன். நம்பல."

"இப்ப எங்க போற?"

"அவுக வீட்டுக்குத்தான், சமாதானம் பேச."

"தூக்குல என்ன?"

"பாதாம்பால். ஒரு பருப்புகூடப் போடல. நம்பிருவாக."