கை ஷாட்

– பாத்திரத்த அப்பறம் தேய்ச்சுக்கலாம். கொழாய நிறுத்து ஷம்ஷாத். நான் கேக்குறதுக்கு பதில் சொல்லு.

– தண்ணி ஓடினாலும் எனக்குக் காது கேக்கும் ஆக்னஸ்க்கா. உங்க ஆளுங்க நாப்பது பேரு சாப்ட்ட ஏனம் கெடக்கு. சொல்லுங்க.

– பெரியவர் பால்ல விஷம் கலக்குச்சே, அந்தக் கை யாருது?

– என்னோடது. தெரிஞ்சுக்கிட்டுதான கேக்குறீங்க.

– லைட்மேன் வேம்புலி சொன்னான். எனுக்குத் தெரிஞ்சு இன்னா பிரயோஜனம்? நீ அத்த டைரக்டராண்ட வந்து சொல்லு. சாப்பாட்டு பிரேக் முடிஞ்சதும் என்ன அரெஸ்ட் பண்ற சீன். போலீஸ் டிரெஸ் போட்டுகினு ரெண்டு பேரு வாசல்ல குந்திகினு குஸ்கா துன்றானுங்கோ. அத்த எடுத்துட்டா செங்கம்மா ஜெயிலுக்கு, நான் ஊட்டுக்கு. நாலு வருசமா இந்த சீரியல்ல செங்கம்மானு வேலக்காரியா நிக்கிறேன். இன்னியோட சரி.

– அதுக்கு நான் என்ன செய்ய? கத எழுதுறது நானா?

– எழுதுனவன் ஒழுங்காத்தான் எழுதுனான். விஷம் வெக்கிறது மூத்த மருமவ, ரோஷினி. மொதல்ல கைய மட்டும் காட்டி, மூணு வாரம் இழுத்து, அப்பறம் அவ மூஞ்சிய காட்றதுனு பேச்சு. அன்னிக்கு பார்த்து அவ பிளேனுக்கு நேரமாச்சுனு கெளம்பிப் பூட்டா. நானும் லீவு, டைரக்டரும் செட்ல இல்ல. மேனேஜர் உலகநாதன் இங்க வந்து, ஏனம் தேய்ச்சுகினு இருந்த உன்ன இஸ்துகினு போயி கைய நீட்டுன்னான். நீயும் நீட்டின.

– ஆசப்பட்டா போனேன்? வரமாட்டேன்னுதான் சொன்னேன். ரெண்டு நிமிஷம், மூஞ்சி தெரியாதுன்னாரு. ரோஷினி மேடம் சீன்ல போடுற மோதிரத்த என் விரல்ல மாட்டப் பாத்தாங்க. முட்டியத் தாண்டல. எண்ணெ தடவியும் தாண்டல. சரி வேணாம்னுட்டு கைக்கு மேக்கப் அடிச்சாங்க. முழங்கை வரைக்கும் வெள்ள வெளேர்னு.

– அந்த மேக்கப் எங்க பூட்ச்சு? டீவில தெரிஞ்சது தோல் வெடிச்ச கை. நகமெல்லாம் தேஞ்சு கீது.

– கழுவிட்டேன்.

– இன்னாது?

– பால் டம்ளரத் தொடணுமில்ல? பவுடர பூசிக்கிட்டு யாராச்சும் பால் கிட்ட போவாங்களா? லைட்ட திருப்பிக்கிட்டு இருந்தாங்க, அதுக்குள்ள போய் சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்து நின்னேன். யாரும் கவனிக்கல.

– விஷம் கலக்குறதுக்கு கைய சோப்பு போட்டு கழுவிகினு வந்த நீ.

– விஷம்னு என்கிட்ட யாரு சொன்னா? வெள்ளப் பொடி ஒண்ணு இருக்கு, பால்ல போட்டு கலக்குன்னாங்க. நக்கிப் பாத்தேன், சக்கர.

– தபாரு, கைய கூட வுடு. வெடிச்ச கை ஊரு பூரா கீது. கலக்கி முடிச்சுட்டு டம்ளர் விளிம்ப எதுக்குத் தொடச்ச? கட்ட வெரலால சுத்தி ஒரே தொட.

– சிந்தியிருந்துச்சு. தொடைக்காம யார் கையில குடுக்கறது?

– அங்கதான் என்ன சாவடிச்ச. ப்ரொமோக்கு அடியில ஒருத்தன் கமெண்ட் போட்டுகீறான். விளிம்பத் தொடச்சுக் குடுக்கிறது செங்கம்மா மட்டுந்தான், நாலு வருசமா பாக்குறோம், அவதான் விஷம் வெச்சவனு. அவ்ளோதான், எல்லாரும் அதையே புடிச்சுகினாங்கோ. சேனல்லருந்து டைரக்டருக்கு போன். ஜனமே முடிவு பண்ணிட்டாங்கோ, மருமவ வேணாம், வேலக்காரியே இருக்கட்டும்னு. டைரக்டருக்கு சந்தேகம், அது யாரு கையினு உலகநாதன கேட்டாரு. அந்தாளு கூசாம ஆக்னஸ் கைனு சொல்லிட்டான்.

– ஏன் அப்படிச் சொன்னாரு?

– உன்ன ஷாட்ல இறக்குனேன்னு சொன்னா இந்த ஊட்டுக்காரம்மா சும்மா வுடுமா? ஷூட்டிங்குக்கு வாடகைக்கு வுடும்போதே என் வேலக்காரங்கள தொடக் கூடாதுனு சொல்லிதான வுட்டுச்சு. அவன் தப்பிக்க என்ன மாட்டி வுட்டான். நீ வாயத் தொறக்காம இங்க குந்திகினு கீற.

– ஒண்ணு கேக்கவாக்கா? விளிம்பத் தொடைக்கிறது செங்கம்மாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

– யாரு சொல்லணும்? நடிப்பு. நானா செஞ்சது.

– அது சரி. மொத வருசம் அடுப்பங்கரையில ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு நான் டீ ஊத்துறத பாத்துக்கிட்டே இருப்பீங்க. எனக்கே கூச்சமா இருக்கும். முந்தானைய இப்படி சொருவுறது என்னுது. வேர்வைய முழங்கையால தொடைக்கிறது என்னுது. விளிம்பு என்னுது. யூடியூப்காரங்க வந்து கேட்டப்ப என்ன சொன்னீங்க? கண்ணாடி முன்னாடி நின்னு நானே ஒவ்வொண்ணா கண்டுபுடிச்சேன்னீங்க. இதே கொழாயடியில குத்த வெச்சு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.

– பாத்து செய்றதுதான் நடிப்பு. அதுக்கு உன்னாண்ட சீட்டு வாங்கணுமா?

– வேணாம். ஆனா கதவோரமா நின்னு ஒட்டுக் கேக்கறீங்களே, அது மட்டும் என்னுது இல்ல. எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல.

– சீரியல்ல வேலக்காரி வேற எதுக்குக் கீறா? நாலு வருசத்துல அந்த செங்கம்மாவுக்கு ஒரு ஊடு காட்டுனாங்களா? புருசன், புள்ள? எங்க தூங்குறானு எனுக்கே தெரியாது. காபி குடு, கதவாண்ட நில்லு, அழு. இப்ப அதுவும் போவுது. நீ அதுக்குப் பழி வாங்குற.

– பழி வாங்கணும்னா போன வருசமே வாங்கியிருப்பேன். ரோஷினி மேடம் கம்மல் காணாமப் போனப்ப என் பைய பாக்கச் சொன்னது யாரு?

– எல்லாரு பையயும்தான் பாக்கச் சொன்னேன்.

– இல்ல. அந்தப் பாத்திரம் தேய்க்கிறவ பைய பாத்தீங்களானு கேட்டீங்க. அவங்களுக்கு அதுவரைக்கும் என் ஞாபகமே வரல. போர்ட்டிகோவுல வெச்சுக் கொட்டினாங்க. சோத்து டப்பா, மாத்திர அட்ட, என் பொண்ணு ரூஹிக்கு வாங்கி வெச்சிருந்த உள்பாவாட. அத்தன ஆம்பளைங்க முன்னாடி. கம்மல் சாயங்காலம் மேக்கப் ரூம் கண்ணாடிக்குப் பின்னாடி கெடச்சுது. யாரும் வந்து ஒண்ணும் சொல்லல. நீங்களும் சொல்லல.

– தப்புதான். இன்னா இப்ப, கால்ல உழணுமா?

– வேணாம். கீழ ஈரம்.

– ஏம்மா செங்கம்மா, ஊரெல்லாம் உன்னத் தேடுது, நீ இங்க கொல்லையில மாநாடு நடத்துற. பத்து நிமிஷத்துல ஷாட். விலங்கு மாட்டிப் பாக்கணும், வா.

– என் பேரு ஆக்னஸ். உலகநாதன் சார், அது என் கை இல்லனு நீயே டைரக்டராண்ட சொல்லிடு. நான் உன்ன ஒண்ணும் கேக்கல. மருமவ கைய வெச்சு அந்த ஒரு ஷாட்ட திரும்ப எடுக்கட்டும்.

– திரும்ப எடுத்து? ப்ரொமோ, எபிசோடு எல்லாம் போயாச்சு. ரோஷினியும் கைதட்டி சந்தோசப்படுது, வில்லியாக வேண்டாம்னு. உனக்காக யாரும்மா கதைய திருப்புவாங்க? கடைசி சீன் நல்ல சீன். பெரியம்மா கன்னத்துல ரெண்டு விடுவாங்க, நீ கதறணும். அழுதுட்டுப் போ, பேரு நிக்கும். ஷம்ஷாத், உனக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். அன்னைக்கு நீ இந்த வீட்டுல பாத்திரம் மட்டும்தான் தேய்ச்ச. வீட்டுக்காரம்மா நம்பர் என்கிட்ட இருக்கு.

– தெரியும் சார்.

– தெரிஞ்சா சரி. பத்து நிமிஷம்.

– பூட்டான். கேட்டியா அவன் பேசறத?

– கேட்டேன். எனக்குத்தான சொன்னாரு.

– பயப்படாத. ஒண்ணும் பேசக்கூட வேணாம். டைரக்டர் முன்னாடி ரெண்டு பேரும் கைய நீட்டுவோம். என் கை வேற, உன் கை வேறனு அவரே பாத்துக்குவாரு.

– காட்டுங்க.

– இன்னாத்த?

– கைய. மொதல்ல நான் பாக்குறேன். அந்த மேக்கப்ப கழுவிட்டுக் காட்டுங்க. இந்தாங்க தண்ணி.

– உனுக்கு எதுக்கு அதெல்லாம்?

– டைரக்டர் பாக்கப் போறாருல்ல? நான் பாத்தா என்ன? திருப்புங்க. விரல மடக்காதீங்க. இது நடிக்கிறவங்க கை இல்லையேக்கா.

– மெதுவா பேசு.

– நுனியெல்லாம் சோப்பு தின்னுருக்கு. நகக்கண்ணு பூரா வெடிப்பு. எத்தன வீடு?

– மூணு. கோவில்பதாகையில, ஏரிக்கு அந்தாண்ட கட்டுன பிளாட்டு. ஷூட்டிங்கு மாசத்துல எட்டு நாளு. மீதி நாளு காத்த துன்றதா? சமையலு, பாத்திரம், ஒரு ஊட்ல கொழந்த. இங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா குந்த ஒரு பிளாஸ்டிக் சேர் போடறானுங்களே, அத்தயும் தூக்கிடுவானுங்கோ.

– அங்க தெரியுமா?

– தெரியும். பானுப்பிரியானு ஒரு பொண்ணு. மதுரப் பக்கம், கம்ப்யூட்டர் வேல. டீவில வர்றவங்க எங்க ஊட்ல சமைக்கிறாங்கனு பிளாட்டு பூரா சொல்லிகினு இருந்தா. எபிசோடு வந்த மறுநாளு, கொழந்தைக்குப் பால் நானே காய்ச்சிக்கிறேன் ஆன்ட்டின்னா. சிரிச்சுகினேதான் சொன்னா. ரெண்டு நாள் கழிச்சு சமையலு வேணாம், பெருக்கித் தொடச்சா போதும்னா. போலீஸ் என்ன இஸ்துகினு போறத இனிமே மூணு ஊடும் பாக்கும்.

– அது நடிப்புனு அவங்களுக்குத் தெரியாதா? படிச்சவங்கதான.

– நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் பால என் கையிலருந்து வாங்கிகினா. அதனாலதான் சொல்றேன், வா. இந்த சீன் எடுக்கக் கூடாது.

– ரெண்டு கையும் ஒண்ணா இருக்கு. நீட்டினா அவரு எத பாப்பாரு?

– கைய நீட்ட வேணாம். வாயால சொல்லு. நான்தான் கலக்குனேன்னு ஒரு வார்த்த.

– சொன்னா எனக்கு இந்த வீடு போவும். உங்களுக்கு செங்கம்மா திரும்பி வரமாட்டா. ஜனம் முடிவு பண்ணிட்டாங்கனு நீங்கதான சொன்னீங்க.

– ஜனத்துக்கு இன்னா தெரியும்? அது உன் கை. ஆக்னஸ் ஒண்ணும் செய்யலனு உனுக்குத் தெரியும்ல. ஊரு பூரா என்ன நம்பாட்டியும், உனுக்குத் தெரியும்ல.

– தெரியும்.

– எபிசோடு பாத்தியா நீ?

– பாத்தேன். பூந்தமல்லியில எங்க வீட்டுல எல்லாரும் உக்காந்து பாத்தோம்.

– உன் கைனு தெரிஞ்சுதா?

– வந்த ஒடனே தெரிஞ்சுது.

– புள்ளைங்களாண்ட சொன்னியா?

– வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள ரூஹி எந்திரிச்சு நின்னுட்டா. யாரும்மா அது, தாத்தாவுக்கு யாரு விஷம் வெக்கிறானு கேட்டா.

– நீ இன்னா சொன்ன?

– செங்கம்மான்னேன்.

– உன் கைய நீயே பாத்துகினு.

– என் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்கதான் செஞ்சீங்கனு தோணுச்சுக்கா.