ஆறு ஜாடித் தண்ணீர்

கடல் தண்ணீரில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். நானும் முப்பத்தெட்டு வயதுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறிப்போகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. குடித்துக்கொண்டே கேளுங்கள். நான் எங்கும் போய்விட மாட்டேன்.

என் பெயர் சேதுராமன். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளர். பதினாறு வருஷ சர்வீஸ். காஜா பேராங்கில் வீடு. முன்பாதியில் நான், பின்கட்டில் என் தங்கை ஜெயாவும் அவள் கணவன் கருணாகரனும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேளை வரவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் செப்டம்பரில் எங்கள் வெள்ளைக்கார டாக்டர் தன் பங்களாவில் கிடந்த பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை என்னிடம் கொடுத்தார். கடல் மீனும் பவளமும் வளர்க்கப் பார்த்தாராம். மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் எல்லாம் செத்துப்போயின. "எடுத்துக்கொள் சேது. என்னாலேயே முடியவில்லை. உனக்கு மூன்று மாதம் தாங்கினால் பெரிது" என்று சிரித்தார். நல்ல மனிதர், என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கோ உட்கார்ந்துவிட்டது.

மீன் பெரிய விஷயமில்லை. பவளம்தான் விஷயம். பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் உயிர். பகலில் விரல் விரலாக விரித்துக்கொண்டு நிற்கும். தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும். அதற்குச் சுண்ணாம்பு வேண்டும். தண்ணீரில் இருப்பதை அது தின்னத் தின்ன நாம் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். மழைத்தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் தொட்டி பால்போல் வெளுத்துவிடும். உள்ளே இருப்பதெல்லாம் திணறும். அப்புறம், தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றாது. ஆகையால் வற்றிய அளவுக்கு மழைத்தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீரை அல்ல. இது பலருக்கு மண்டையில் ஏறுவதில்லை.

தினமும் காலையில் மிதவைக் கண்ணாடியைப் போட்டு அடர்த்தி பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் மூத்திரம் சோதிக்க வைத்திருக்கும் கண்ணாடிதான். நன்றாகக் கழுவியதுதான், சிரிக்காதீர்கள். ஆயிரத்து இருபத்துமூன்றில் நிற்க வேண்டும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மூன்று மாதம் என்றாரே, பதினொரு மாதம் நிறுத்திக் காட்டினேன்.

கருணாகரன் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தான். கலகலப்பான ஆள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். தெங்கேராக் கரையில் தண்ணீர் சேறு. சம்பான் படகில் உப்பே என்கிற தீவுக்கு அந்தப் பக்கம் போனால்தான் தெளிந்த தண்ணீர் கிடைக்கும். என்னோடு துடுப்புப் போட அவன்தான் வருவான். நீச்சல் தெரியாது. "தையக்காரன் முங்கிட்டா ஊரே அம்மணமா நிக்கும், பாத்துக்குங்க மச்சான்" என்பான். ஜெயா கட்டிக்கொடுத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கரை மறைவதற்குள் தின்று தீர்ப்பான். பவளம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தான். பச்சையாக இருந்ததற்கு ஜெயாவின் பெயர்.

இந்த ஆகஸ்டில் மலாய் நாடு முழுக்கச் சுதந்திரப் பரபரப்பு அல்லவா? அவனுக்குப் புதுக் கொடி தைக்கிற வேலை குவிந்தது. "பதினோரு முனை நட்சத்திரம் மச்சான்! அஞ்சு முனை போதாதாமா? என் கத்திரிக்கோலே அழுவுது" என்று புலம்பிக்கொண்டே வெட்டுவான். அதே சமயத்தில்தான் டாக்டரும் ஊருக்குத் திரும்புகிறார் என்று தெரிந்தது. கப்பல் ஏறுவதற்கு முன்னால், இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து தொட்டியைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். தொட்டி முழுக்க வெள்ளை. பக்கத்தில் கருணாகரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். டாக்டர் பார்க்கும்போது பவளம் இன்னும் தெம்பாக இருக்கட்டும் என்று ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பை அப்படியே போட்டிருக்கிறான்.

"தெரியாமப் பண்ணிட்டேன் மச்சான். ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சுடுங்க."

நான் அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை; ஜெயாவே சொல்வாள். பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, "நாளைக்குப் புதுத் தண்ணி கொண்டாந்தாப் பொழைச்சுக்கும், மாப்பிள்ளை" என்றேன். எனக்குக் கோபம் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். சம்பான் கொடுக்கும் மலாய்க்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாமே என்றார். டாக்டர் மறுநாளே வருகிறார் என்பது அவருக்குத் தெரியாது. வழக்கமாக மூன்று ஜாடிதான். அன்றைக்கு ஆறு. ஆஸ்பத்திரிக்குத் திராவகம் வரும் பெரிய கண்ணாடி ஜாடிகள்; ஒவ்வொன்றும் ஒரு பிரம்புக்கூடைக்குள் உட்கார்ந்திருக்கும். வாயில் வெறும் துணியைக் கட்டுவோம். ஆறும் நிரம்பியபோது சம்பானின் விளிம்புக்கும் கடலுக்கும் நான்கு விரல் இடைவெளிதான் இருந்தது.

திரும்பும்போது பாதி வழியில் பக்கவாட்டில் ஓர் அலை வந்தது. ஓரத்து ஜாடி சாயப் பார்த்தது. கருணாகரன் அதைப் பிடிக்க எழுந்தான், தடுமாறிக் கடலுக்குள் போய்விட்டான். ஜாடியைப் பிடிக்கத்தான் எழுந்தான், அதை நான் மறைக்கப்போவதில்லை. ஜாடி சாயவில்லை.

மேலே வந்தான். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். படகு அந்தப் பக்கமாகத் தாழ்ந்து தண்ணீர் உள்ளே வழிய ஆரம்பித்தது. "மச்சான், கை குடுங்க" என்றான். பதற்றம்கூட இல்லை. மெஷினில் உட்கார்ந்துகொண்டு நூல்கண்டை எடுத்துத் தரச் சொல்வதுபோலச் சொன்னான்.

யோசித்துப் பார்த்தேன். அவனை ஏற்ற வேண்டுமானால் மூன்று ஜாடியையாவது கடலில் தள்ள வேண்டும். மீதி மூன்று, பாதித் தொட்டிக்குக் காணாது. திரும்பப் போய் மொண்டுவர வெளிச்சம் இருக்காது. பத்து மணிக்கு டாக்டர். நியாயமாகத்தானே யோசித்திருக்கிறேன்? "கொஞ்சம் விடு மாப்பிள்ளை, படகு சாயுது" என்று இரண்டு முறை சொன்னேன். அவன் விடவில்லை. துடுப்பால் விரல்களைத் தட்டினேன். முதலில் மெதுவாகத்தான்.

கரைக்கு வந்து, படகு கவிழ்ந்துவிட்டது, அவனைக் காணோம் என்றேன். ஆட்கள் மூன்று படகில் தேடப் போனார்கள். அந்தப் பரபரப்பில் ஜாடிகளை யாரும் கவனிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் ஜெயாவிடம் போனேன். ஆயிரத்து இருபத்துமூன்று. நூல் பிடித்த மாதிரி நின்றது.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். உடல் இன்னும் கிடைக்கவில்லை. பின்கட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜெயாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுக்கதவைச் சாத்தினேன். பவளம் எல்லாம் விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நான் தோற்றேன், சேது" என்று கை கொடுத்தார். யாரோ அழுகிறார்களே என்றார். பக்கத்து வீடு என்றேன். ஊருக்குப் போகிற மனிதரின் மனதை எதற்குக் கெடுக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை உடல் கரை ஒதுங்கியது. விரல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாறையில் அடிபட்டிருக்கும் என்று நினைத்திருப்பார்கள். காரியங்களை ஒரு குறையும் இல்லாமல் நான்தான் முன்னின்று நடத்தினேன். கருமாதிக்கு இருநூறு பேர் சாப்பிட்டார்கள்.

கேட்டவள் ஜெயாதான். கருமாதி முடிந்த மறுநாள், அதாவது இன்று காலை, நான் கொல்லையில் ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து நின்றவள் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"படகு கவுந்துடுச்சுன்னுதானே சொன்னீங்க, அண்ணே?"

"ஆமாம்மா."

"அப்ப ஆறு ஜாடியும் எப்படி வீடு வந்துச்சு? அதுவும் தண்ணியோட?"

பதினாறு வருஷம் பரிசோதனைக்கூடத்தில் இருந்த எனக்கு அது தோன்றவே இல்லை, ஐயா. கெட்டிக்காரி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கூடப் பிறந்தவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னேன், துடுப்பு உட்பட. அவள் கத்தவில்லை. தொட்டியை உடைத்துவிடுவாளோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். நல்லவேளை, அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. செருப்புக்கூடப் போடாமல் நேராக இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்திருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். கருணாகரன் தவறி விழுந்தான், ஆனால் சாகவிட்டது நான். படகைப் பிடித்திருந்த கைகளை அவை விடும்வரை அடித்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஜெயா இப்போது என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள். கோபம், வேறென்ன. அவளுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. அந்தப் பவளத்தின் அருமை தெரிந்தவன் என்னைத் தவிர அவன் ஒருவன்தான். இன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால், அவனே வந்து எனக்காகப் பேசியிருப்பான்.