மூணு தட்டு

லோடுமேன்: ஒரு மூட்டைதான் தூக்குனேன் மாப்ள... நெஞ்சுக்குள்ள ஊசி குத்துது. இரு, மூச்சு வரட்டும்.

ஆபரேட்டர்: உட்காரு மச்சான். இருபது நாள் ஆஸ்பத்திரியில கிடந்த உடம்பு.

லோடுமேன்: அங்க ஒரு படம் பார்த்தேன். விண்வெளிக் கப்பல். அதை ஓட்டுற கம்ப்யூட்டர்தான் வில்லனாம்.

ஆபரேட்டர்: என்ன பண்ணுச்சு?

லோடுமேன்: கப்பல்ல ஓட்டை. ஓட்டை விழுந்த ரூமுக்குள்ள ஒருத்தன் இருக்கும்போதே கதவைச் சாத்திடுச்சு. செத்துட்டான். மத்தவனுங்க கூடி அதோட வயரைப் புடுங்கிட்டானுங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஆபரேட்டர்: செத்தவனுக்காகவா?

லோடுமேன்: கம்ப்யூட்டருக்காக.

ஆபரேட்டர்: ஆளைக் கொன்னதுக்கு வக்காலத்தா? காய்ச்சல் விட்டுச்சா உனக்கு?

லோடுமேன்: பாவம் அது. கேப்டன் சொல்லாம சாத்துமா? புள்ளகுட்டி இல்ல, யூனியன் இல்ல... பழியைப் போட வசதி. அந்தக் கப்பல்லயும் நம்ம குடோன் வழக்கம் மாதிரி, சாத்துறதுக்கு முன்னாடி கதவுல கம்பியால மூணு தட்டு தட்டியிருந்தா, அவன் ஓடி வந்திருப்பான்.

ஆபரேட்டர்: ...படத்தை விடு. அன்னிக்கு நீ உள்ள இருந்தப்போ நம்ம குளிர் ரூம் கதவும் தானாத்தான் இறங்குச்சு. அமோனியா கேஸ் கசிஞ்சுது, சென்சார் பார்த்துச்சு, இறக்கிடுச்சு.

லோடுமேன்: அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கியா?

ஆபரேட்டர்: மூணு மணிக்கு விசாரணைக்கு வர்றாங்க. நீயும் கீழ ஒரு கையெழுத்து... உன் தங்கச்சி காலையில சொல்லல?

லோடுமேன்: சொன்னா. 'அவருக்கு வேலை போயிடும்ண்ணே'ன்னு அழுதா. மெஷின் சாத்துனா உன் புருஷனுக்கு ஏன்டி வேலை போவணும்னேன். மூக்கைச் சிந்திட்டுப் போயிட்டா.

ஆபரேட்டர்: வெளிய பதினாலு பேர் நின்னாங்க மச்சான்...

லோடுமேன்: அட, சாத்துனதுக்கு வக்காலத்தா? நீயும் வில்லன் கட்சிக்கு வந்துட்ட!

ஆபரேட்டர்: விளையாடாத.

லோடுமேன்: அந்தக் கதவுல உள்ளங்கை அகலம் ஒரு கண்ணாடி இருக்கு. உள்ள இருந்து ஓடி வந்து அது வழியா பார்த்தேன். கதவு பட்டன் மேல இன்னும் ஒரு கை. விரல்ல மோதிரம். கல்யாணத்துல நான் போட்டது.

ஆபரேட்டர்: ...தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாள் வாயைத் திறக்கல?

லோடுமேன்: திறக்க மூச்சு வேணும்ல. 'நான்தான் சாத்துனேன், பதினாலு பேருக்காக'ன்னு மாத்தி எழுது. கையெழுத்தும் போடுறேன், சாட்சியும் சொல்றேன். சாத்துனது தப்பில்ல.

ஆபரேட்டர்: அப்புறம் எதுக்கு என்னை இப்படிக் குத்துற? வேற என்னதான் வேணும் உனக்கு?

லோடுமேன்: கம்பி உன் கைக்கு எட்டுற தூரத்துல தொங்குச்சு மாப்ள. கதவு இறங்குறப்போ நான் பத்தடியிலதான் இருந்தேன். அந்த மூணு தட்டு... அது எனக்கு நீ இன்னும் பாக்கி.